ஆடிக் காற்றில் பெண்கள் டூர் பார்ப்பது எப்படி

எங்கள் கடை பாபநாசத்தில். திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் இல்லை, தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கிறதே, அந்தப் பாபநாசம். அப்பா நடத்திய சைக்கிள் கடை. அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது ரிம் கோட்டம் எடுக்க உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. பஞ்சர், ஓவராயில், ஸ்போக்ஸ் கம்பி மாற்றுவது எல்லாம் நான்தான்.

பிரான்ஸில் நாள் கணக்கில் நடக்கிற சைக்கிள் பந்தயமான பெண்கள் டூரை 2022இலிருந்து ஒரு வருஷமும் விடாமல் பார்க்கிறேன். டூர் தெ பிரான்ஸ் ஃபாம் என்று பெயர். கடைக்கு வருகிற பிள்ளைகள், "அதுல என்னக்கா இருக்கு? எல்லாரும் கும்பலா போறாங்க, கடைசியில ஒருத்தங்க கையைத் தூக்குறாங்க" என்பார்கள். சும்மா பார்த்தால் அப்படித்தான் தெரியும். எனக்கும் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருந்தது. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நோட்டும், கொஞ்சம் காற்றும் இருந்தால் போதும்.

முதலில் நேரம். கோடையில் பிரான்ஸ் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஐந்து, ஆறு மணிக்கு முடிகிற ஓட்டம் இங்கே ராத்திரி எட்டரை, ஒன்பதரை. வீட்டில் சீரியல் நேரம். டிவிக்குச் சண்டை போடாதீர்கள், போன் போதும். எந்தச் சேனல், எந்த ஆப் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறுகிற சமாச்சாரம். முந்தின வாரமே தேடி வைத்துக்கொள்ளுங்கள். படம் கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. யார் முன்னால், பின்னால் வருகிறவர்கள் எத்தனை வினாடி தள்ளி என்பது பந்தயத்தின் சொந்த இணையதளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். நான் சொல்லப்போகிற முறைக்கு அந்த வினாடிதான் வேண்டும்.

பந்தயம் ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வரும். நமக்கு ஆடி. 2025இல் கடைசி நாள் ஆகஸ்ட் 3, அன்றைக்கேதான் பதினெட்டாம் பெருக்கு. காலையில் குடமுருட்டிக் கரையில் காப்பரிசியும் மஞ்சள் கயிறும், ராத்திரி போனில் மஞ்சள் ஜெர்சி. 2026க்கு ஆகஸ்ட் 1 முதல் 9 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் லோசானில் தொடங்கி பிரான்ஸில் நீஸ் வரை. பெருக்கு அதற்குள்ளும் வந்துவிடுகிறது.

சரி, ஸ்டேஜ் என்றால் என்ன? பஸ்ஸில் ஸ்டேஜ் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் காசு ஏறும். இங்கே ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நேரம் ஏறும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரு ஸ்டேஜ், மொத்தம் எட்டு அல்லது ஒன்பது. ஒவ்வொருவரும் தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். யாருடைய கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. ஒரே கூட்டமாக வந்து சேர்ந்தால் முன்னால் வந்தவருக்கும் நடுவில் வந்தவருக்கும் ஒரே நேரம்தான் போடுவார்கள். முதல் மூன்று பேருக்கு மட்டும் 10, 6, 4 வினாடி தள்ளுபடி உண்டு. அதனால், ஒரு நாள்கூட முதலில் வராமலே மொத்தப் பந்தயத்தையும் ஜெயித்துவிடலாம், ஜெயித்திருக்கிறார்கள். பச்சை ஜெர்சி, புள்ளி போட்ட மலை ஜெர்சி, இளையவர்களுக்கான வெள்ளை ஜெர்சி எல்லாம் இருக்கின்றன. முதல் வருஷம் அவற்றை விட்டுவிடுங்கள், தலை சுற்றும்.

இப்போது நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு ஸ்டேஜுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, தூரம், சமவெளியா மலையா என்று ஒரு வரி. அதற்குக் கீழே மூன்றே மூன்று பெயர். 22 அணி, அணிக்கு 7 பேர் என்றால் 154 பேர் ஓட்டுகிறார்கள், எல்லாரையும் பிடித்து வைக்க முடியாது. போன வருஷம் முதலில் வந்தவர், இரண்டாவது வந்தவர், உங்களுக்கு எதனாலோ பிடித்துப்போன ஒருவர். பெயருக்கு எதிரே மஞ்சள் ஜெர்சிக்காரரைவிட எத்தனை வினாடி பின்தங்கியிருக்கிறார் என்று எழுதுங்கள். நிமிஷத்தையும் வினாடியாக்கியே எழுத வேண்டும். ஒரு நிமிஷம் பதினைந்து என்று எழுதினால் ஏதோ பெரிய தூரம் மாதிரி இருக்கும். 75 என்று எழுதிப் பாருங்கள், எட்டிப் பிடித்துவிடலாம் போல இருக்கும்.

அந்த 75 என் நோட்டில் நிஜமாகவே இருக்கிறது. 2024ஆம் வருஷப் பக்கம்.

அந்த வருஷம் ஐந்தாவது ஸ்டேஜில், அம்னெவில் என்ற ஊருக்குச் சுமார் 6 கிலோமீட்டர் இருக்கும்போது, மஞ்சள் ஜெர்சியில் இருந்த நெதர்லாந்தின் டெமி வோலரிங் விழுந்தார். அவர் எழுந்து வந்து சேர்வதற்குள் 1 நிமிடம் 47 வினாடி போய்விட்டது. இதில் பார்க்க வேண்டியது என்னவென்றால், அன்றைக்கு ஸ்டேஜை ஜெயித்த பிளாங்கா வாஷும் வோலரிங்கின் அணிதான். தலைவி ரோட்டில் கிடக்க, அதே அணிக்காரி முன்னால் கையைத் தூக்குகிறார். "என்ன குடும்பமோ" என்றார் அம்மா. மஞ்சள் ஜெர்சி போலந்தின் காஷா நிவியாடோமாவுக்குப் போனது.

கடைசி நாள் காலையில் வோலரிங் 75 வினாடி பின்தங்கியிருந்தார். அன்றைக்கு மலை. கிளாண்டன் என்ற கணவாயிலேயே, ஓட்டம் முடிய ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போது, வோலரிங் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். பாலினா ரோயாக்கர்ஸ் மட்டும் கூடவே ஒட்டிக்கொண்டார். கடைசியில் ஆல்ப் துவெஸ் ஏற்றம். இடைவெளி ஏறுகிறது, இறங்குகிறது. அம்மா சீரியலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு இப்படி. வோலரிங் ஸ்டேஜை ஜெயித்தால் 10 வினாடி தள்ளுபடி. 75இல் 10 போனால் 65. ஆக, வோலரிங் கோட்டைத் தாண்டிய பிறகு நிவியாடோமா 65 வினாடிக்குள் வந்து சேர வேண்டும். நிவியாடோமா மூன்றாவதாக வந்தால் அவருக்கும் 4 கிடைக்கும். அதையும் எவிடா மியூஸிக் வாங்கிக்கொண்டுவிட்டார். வோலரிங் கோட்டைத் தாண்டியதும் அக்கா மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். நாற்பது. ஐம்பது. ஐம்பத்தைந்தில் அம்மா எழுந்து நின்றுவிட்டார். நிவியாடோமா வந்தது 61இல்.

எட்டு ஸ்டேஜ், ஏறக்குறைய 950 கிலோமீட்டர், வித்தியாசம் 4 வினாடி. ஆண்கள் டூரில்கூட மிகக் குறைந்த வித்தியாசம் 1989இல் வந்த 8 வினாடிதான். "பஞ்சர் சொலூஷன் காயுற நேரம்கூட இல்லையேடி" என்றார் அம்மா. சைக்கிள் கடைக்காரன் பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வார். கையைத் தூக்கினவரை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கு வோலரிங்தான் ஜெயித்தார் என்று போனை வைத்திருப்பீர்கள். நோட்டு இருந்ததால் நாங்கள் உண்மையான பந்தயத்தைப் பார்த்தோம்.

அடுத்தது காற்று. இதில் நமக்கு டியூஷன் தேவையில்லை.

ஆடி பிறந்தால் இங்கே மேலக்காற்று. கடை வாசலில் தொங்கவிட்ட டயர் எல்லாம் ஊஞ்சலாடும். பாபநாசத்திலிருந்து கும்பகோணம் பக்கம் மிதித்தால் காற்றே தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது வட்டியும் முதலுமாக வாங்கிக்கொள்ளும். எதிர்க்காற்றில் வைக்கோல் டிராக்டர் பின்னால் ஒண்டிக்கொண்டு போன அனுபவம் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் உண்டு. பந்தயத்தில் கும்பலாகப் போவதும் அதற்குத்தான். முன்னால் ஒருவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அணியில் தலைவி ஒருவர், மற்ற ஆறு பேரும் அவருக்குக் காற்று மறைப்பு. தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதும் அவர்கள்தான்.

ஆனால் விளையாட்டு சூடு பிடிப்பது பக்கக்காற்றில். இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். ஒரு சாயங்காலம் ஓட்டியே பார்த்துவிடுங்கள். நாங்கள் செய்தது இப்படி. பாபநாசத்திலிருந்து திருக்கருகாவூர் போகிற ரோடு தெற்கே இறங்குகிறது. அந்தப் பக்கம் வயலுக்கு நடுவே தெற்கு வடக்காகப் போகிற சின்ன ரோடு ஒன்று. மினி பஸ் போன பிறகு மாடு தவிர வேறு ஒன்றும் வராது. ஐந்து பேர் போனோம்: நான், அக்கா மகள், பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளோடு மூன்று பிள்ளைகள். மெயின் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள், ரோட்டின் முழு அகலமும் வேண்டும்.

தெற்கே போகும்போது காற்று வலது பக்கமிருந்து அடிக்கும். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, காற்று பக்கவாட்டில் வந்து விலாவில் குத்தும். கொஞ்சம் இடது பக்கம் விலகி, அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரம் வருகிற மாதிரி போங்கள். ஒரு இடத்தில் சட்டென்று காதில் இரைச்சல் நின்றுபோகும். அதுதான் இடம். மூன்றாவது ஆள் உங்களுக்கு இடது பக்கம், நான்காவது ஆள் அவருக்கு இடது பக்கம். முதல் ஆள் ரோட்டின் வலது ஓரத்தில் இருப்பார். மேலேயிருந்து பார்த்தால் நாரைக் கூட்டம் மாதிரி சாய்ந்த கோடு.

எங்கள் ரோட்டில் நான்கு பேருக்குத்தான் அகலம். ஐந்தாவதாக வந்தவள் அக்கா மகள். தார் முடிந்து, புல்லும் நெருஞ்சி முள்ளுமாக இருக்கிற ஓரத்தில் மிதிக்கிறாள். சாய்வாகப் போக இடம் இல்லை, நேர் பின்னால் போனால் மறைப்பு இல்லை. அரை கிலோமீட்டர் தாக்குப் பிடித்தாள். ஒரு சைக்கிள் அளவு இடைவெளி விழுந்தது, பத்து சைக்கிள் ஆனது, அப்புறம் எங்கள் முதுகைத்தான் பார்த்தாள். "சித்தி, நான் மெதுவா மிதிக்கலை, காத்துதான் விடலை" என்று அழாத குறை. அன்றைக்கு மூன்று பஞ்சர். மூன்றுக்கும் காசு வாங்க முடியவில்லை.

இனி படத்தைப் பாருங்கள். சமவெளி ஸ்டேஜ், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் தூங்கப்போகிற நாள். ரோட்டோரக் கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பாருங்கள். ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு அணி மட்டும் மொத்தமாக முன்னால் நகர்ந்தால் உஷாராகுங்கள். சாய்ந்த கோடு விழும், கோட்டின் வாலில் ஒருத்தர் ஓரப் புல்லை ஒட்டித் தவிப்பார். அவர் உங்கள் மூன்று பெயரில் ஒருவராக இருந்தால் பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெதர்லாந்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்றால் ஆச்சரியமில்லை. 2024 பந்தயம் ரோட்டர்டாமில்தான் தொடங்கியது. அதுவும் ஆறுகள் கடலில் சேர்கிற டெல்டா. தட்டையான நிலம், வாய்க்கால், கரை மேல் ரோடு, ஓயாத காற்று. ஓட்டுகிறவர்களின் பெயரை நீக்கிவிட்டால் அம்மாவுக்கு அது திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றே தோன்றியது, தென்னை மட்டும் இல்லை.

மலைதான் நமக்குப் புரியாது. இந்தப் பக்கம் ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம், இல்லையென்றால் ஆற்றுப் பாலத்து முகப்பு. எனவே ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆல்ப் துவெஸ் 13.8 கிலோமீட்டர், சராசரி 8.1 சதவீதம், நூறு மீட்டர் போனால் எட்டு மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். மொத்தம் 1,100 மீட்டருக்கு மேல். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினாறு, பதினேழு விமானம் அடுக்கி அதன் மேல் மிதித்து ஏறுகிறார்கள், அதுவும் ஏற்கெனவே ஒரு கணவாயைத் தாண்டி வந்த காலோடு. மலையில் வேகம் குறைந்துவிடுவதால் காற்று மறைப்பும் அவ்வளவாக உதவாது. ஆளுக்கு ஆள் தனியாகிவிடுவார்கள். நோட்டில் எண்கள் பெரிதாக மாறுவது அன்றைக்குத்தான்.

பஞ்சர் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது. அங்கே டியூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி தேடுகிற வேலை எல்லாம் இல்லை. பின்னால் அணி கார் வரும், மெக்கானிக் இறங்கிச் சக்கரத்தையே மாற்றுவார், இல்லையென்றால் சைக்கிளையே மாற்றிவிடுவார். 2022இல் ஆன்மீக் வான் ஃப்ளூட்டன் கடைசி நாளில் பல தடவை சைக்கிள் மாற்றியும் பந்தயத்தை ஜெயித்தார். பந்தயத்தின் ஆரம்ப நாட்களில் வயிறு கெட்டுப்போய்த் தவித்தவர் அவர். நிஜமான சிக்கல் மாற்றியதற்குப் பிறகு கூட்டத்தைத் திரும்பப் பிடிப்பதில். 2023இல் ஐந்தாவது ஸ்டேஜில் வோலரிங் பஞ்சருக்குப் பின் தன் அணி காரின் பின்னால் ஒண்டிக்கொண்டே வந்தார். வைக்கோல் டிராக்டர் வேலைதான். நடுவர்கள் 20 வினாடி தண்டம் போட்டு, அணி இயக்குநரையும் பந்தயத்தை விட்டு வெளியேற்றினார்கள். அந்த வருஷம் அவர் மூன்று நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டதால் அந்த 20 உறைக்கவில்லை. 2024இல் நிவியாடோமா இப்படி ஒரு தண்டம் வாங்கியிருந்தால் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன்.

பழைய கதையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது. 1955இலேயே பிரான்ஸில் பெண்களுக்கு ஐந்து ஸ்டேஜ் பந்தயம் நடந்திருக்கிறது. மில்லி ராபின்சன் ஜெயித்தார். 1984இல் பெண்கள் டூர் ஒழுங்காகத் தொடங்கியது, முதல் வருஷம் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். 1989க்குப் பிறகு அது நின்றது. நடுவில் வேறு பெயர்களில் வந்ததும் போனதும் உண்டு. 2014இலிருந்து ஆண்கள் டூரோடு ஒட்டினாற்போல ஒன்றிரண்டு நாள் ஓட்டம் கொடுத்தார்கள். முழுப் பந்தயம் 2022இல்தான் திரும்பியது. அந்த வருஷம் ஜெயித்தவருக்கு 50,000 யூரோ, ஆண்களில் ஜெயித்தவருக்கு 5,00,000.

எங்கள் பக்கம் பொங்கல் விளையாட்டில் ஆண் பிள்ளைகளுக்கு அடுத்த ஊர் வரை போய்த் திரும்புகிற சைக்கிள் பந்தயம். பெண் பிள்ளைகளுக்கு? மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. ஐம்பது மீட்டர், கால் தரையில் படக்கூடாது, கடைசியில் வருகிறவளுக்குப் பரிசு. ஏன் எங்களுக்கும் ஓட்டப் பந்தயம் வைக்கக்கூடாது என்று கேட்டதற்கு, "பாவாடை சிக்கிக்கும்மா" என்றார் மைக் பிடித்தவர். செயின் கவர் போட்ட சைக்கிளில் எங்கே சிக்கும்? இரண்டு வருஷம் நான்தான் ஜெயித்தேன். இரண்டு எவர்சில்வர் சம்படம். ஒன்றில் இன்னும் பால்ரஸ் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைசியாகக் கரண்ட். மேலக்காற்றுக்குத் தென்னை மட்டை கம்பியில் விழும், ராத்திரி எட்டு மணிக்குத்தான் விழும். ஏழு மணிக்குள் போனைச் சார்ஜ் போட்டுவிடுங்கள். 2025இல் மதலேன் மலை ஸ்டேஜ் அன்று எங்களுக்கு அதுதான் ஆனது. 18 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், பாலின் ஃபெரான்-ப்ரெவோ பிரிந்து போகிறார் என்கிற நேரத்தில் கரண்ட் போய், வைஃபையும் போனது. மிச்சத்தைப் படம் இல்லாமல் சிக்னல் வந்தபோதெல்லாம் வெறும் எண்ணாகப் பார்த்தோம். அக்கா மகள் வாசிக்க, அம்மா டார்ச் பிடிக்க, நான் எழுதினேன். இரண்டாவது வந்த சாரா ஜிகாண்டே 105 வினாடி பின்னால். மறுநாள் மொத்தப் பந்தயமும் ஃபெரான்-ப்ரெவோவுக்கு, 2022க்குப் பிறகு ஜெயித்த முதல் பிரெஞ்சுக்காரர். படமே இல்லாமல் பார்த்த அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் எழுந்து போகவில்லை.

நோட்டில் பேனாவால் எழுதாதீர்கள். நீங்கள் படுத்த பிறகு நடுவர்கள் தண்டம் போட்டுவிட்டால் காலையில் அழித்து எழுத வேண்டியிருக்கும். எங்கள் கடைக் கடன் நோட்டும் பென்சில்தான், ஆனால் அதற்குக் காரணம் வேறு.